தப்பிப் பிழைக்கும் பலம் எங்கிருந்து வருகிறது?

ஒரு விபத்து நடந்தால் மறுநாள் டீக்கடையில் இரண்டு பேச்சுக்கள் கேட்கும். ஒன்று, "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்பது. மற்றொன்று, "ஆளுக்குத் திடமான உடம்பு, நெஞ்சுரமும் உண்டு, அதனால் தப்பித்தான்" என்பது.

முதல் பேச்சுக்கு நாம் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறோம். பாய்லர் வெடித்தால் அது தலைவிதி அல்ல, பழுது பார்க்காத பாய்லர். கூரை விழுந்தால் அது கிரகக் கோளாறு அல்ல, உளுத்துப்போன உத்தரம். இதைத் தொழிலாளிக்கு இனிமேல் ஒருவர் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பேச்சுதான் தொல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. வெள்ளமோ, தீயோ, சுரங்கச் சரிவோ, கொளுத்தும் வெயிலோ, எதுவானாலும் நல்ல தேகமும் கலங்காத மனமும் உள்ளவர்கள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்தான். இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தேகம் யாருக்கு வாய்க்கிறது? அந்த மனம் எங்கே பழகுகிறது? இதைக் கேட்காமல் விட்டால், செத்தவன் தன் பலவீனத்தால் செத்தான் என்று ஆகிவிடும். முதலாளிக்கு அதைவிட நல்ல தீர்ப்பு வேறு என்ன வேண்டும்?

வசதி படைத்தவர்களின் பத்திரிகைகளில் உடற்பயிற்சி செய்யுங்கள், மனத்தை ஒருநிலைப்படுத்துங்கள், எந்த ஆபத்தையும் வெல்லலாம் என்று படம் போட்டு எழுதுகிறார்கள். ராத்திரி ஷிப்டு முழுவதும் ஸ்பின்னிங்கில் நின்றே கால் வீங்கிப்போன பெண்ணிடம், காலையில் எழுந்து ஓடு என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள்?

நம் பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "எல்லாம் முதலாளி செய்கிற கொடுமை, உடற்பயிற்சி, நீச்சல், முதலுதவி எல்லாம் பொழுதுபோகாதவர்கள் சமாசாரம்" என்று நம் தோழர்களில் பலர் நினைக்கிறார்கள். நோட்டீஸ் அடிக்கத் தெரிந்த சங்கம், நெருப்புப் பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது என்று ஒரு நாளாவது ஆட்களுக்குக் காட்டியிருக்கிறதா? பெரும்பாலான இடங்களில் இல்லை. இதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

எழுநூறு மீட்டர் ஆழத்தில்

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு தேசம். அதன் வடக்கே அட்டகாமா பாலைவனம். மழையே காணாத அந்தப் பூமிக்குள் செம்பும் தங்கமும் இருக்கின்றன. கோப்பியாப்போ நகரத்துக்கு அருகில் சான் ஹோசே என்ற சுரங்கம். 2010 ஆகஸ்டு 5ந் தேதி மலை உட்புறமாகச் சரிந்து பாதையை அடைத்துக்கொண்டது. உள்ளே 33 தொழிலாளர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஏறக்குறைய 700 மீட்டர் பாறை.

அந்தச் சுரங்கத்தின் பூர்வீகத்தையும் சொல்ல வேண்டும். 2007ல் ஒரு தொழிலாளி செத்த பிறகு அது மூடப்பட்டது. 2008ல் மறுபடி திறந்தார்கள். சரிவுக்கு ஒரு மாதம் முன்பு இன்னொரு தொழிலாளியின் காலைப் பாறை பறித்துக்கொண்டது. ஆனாலும் அங்கே வேலைக்கு ஆள் கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் மற்றச் சுரங்கங்களைவிட அங்கே கூலி கொஞ்சம் அதிகம். உயிருக்கு ஒரு விலை போட்டுக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அகப்பட்டவர்களில் சிலர், காற்றுக்காக விடப்பட்ட செங்குத்துக் குழிவழியாக ஏறப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் ஏணி இருந்தது. அதற்கு மேல் ஏணி இல்லை. விதிப்படி இருந்திருக்க வேண்டிய ஏணி. இரண்டு நாள் கழித்து மலை மறுபடியும் சரிந்தது. காற்றுக்குழி வழியாக மீட்க வந்தவர்களும் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த 33 பேரில் மலையேறும் வீரனே ஒருவன் இருந்திருந்தாலும், இல்லாத ஏணியில் அவன் எப்படி ஏறுவான்?

புகலறை என்று ஒரு சின்ன இடம் இருந்தது. அதில் இரண்டு மூன்று நாளைக்குப் போதுமான ஆகாரம். முதல் ராத்திரியே சிலர் பசியிலும் பீதியிலும் அந்தப் பெட்டியை உடைத்துத் தின்றுவிட்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அவர்களைத் தெய்வப் பிறவிகள் ஆக்கிவிடுவோம். அவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள். பசித்தது, தின்றார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் விஷயம். அந்த ஷிப்டின் தலைவர் லூயிஸ் உர்சுவா என்பவர். சுரங்கத்தில் மேற்பார்வையாளனுக்கு வெள்ளைத் தலைக்கவசம். அதை அவர் கழற்றி வைத்துவிட்டார். இனி இங்கே மேலாள், கீழாள் இல்லை என்ற அர்த்தத்தில். முக்கியமான காரியங்களைக் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று முடிவு செய்தார்கள். மிச்ச ஆகாரத்தை எண்ணி வைத்தார்கள். நாள் செல்லச் செல்ல இடைவெளியை நீட்டி, கடைசியில் இரண்டு நாளைக்கு ஒரு தரம் என்றாயிற்று. இரண்டு ஸ்பூன் டின் மீன், ஒரு வாய்ப் பால், ஒரு பிஸ்கோத்து. குடிக்க, யந்திரங்களுக்காகத் தொட்டியில் வைத்திருந்த தண்ணீர். உள்ளே முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம், புழுக்கம். தலைவிளக்குகளை லாரிகளின் பாட்டரியில் சார்ஜ் ஏற்றிச் சிக்கனமாக எரித்தார்கள். உர்சுவா, சுரங்கத்துக்குள் எந்த இடம் எப்படியிருக்கிறது என்று வரைபடம் போட்டார்.

பதினேழு நாள் வெளியுலகத்திலிருந்து ஒரு சேதியும் கிடையாது. மேலே துளை போடுகிற சத்தம் கேட்கும். துளை இலக்குத் தவறிப் போய்விடும். ஆகஸ்டு 22ந் தேதி ஒரு துளை அவர்கள் இருந்த இடத்துக்கு வந்தது. தாங்கள் 33 பேரும் நலம் என்று சிவப்பு எழுத்தில் எழுதி அந்த யந்திரத்தின் முனையில் கட்டி அனுப்பினார்கள்.

அதன் பின்னும் ஐம்பது நாளுக்கு மேல் உள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. அப்போது மூன்று பிரிவாகப் பிரிந்து எட்டு எட்டு மணி நேரம் வேலை செய்தார்கள். வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. மேலிருந்து அகலமான துளை போடும்போது உதிர்ந்து விழுந்த கல்லையும் மண்ணையும் இவர்கள்தான் அடியில் நின்று வாரித் தள்ளினார்கள். விளக்கைப் போட்டும் அணைத்தும் பகல், ராத்திரி என்று பிரித்துக்கொண்டார்கள். தாயாரைக் கவனித்த பழக்கத்தில் ஊசி போடத் தெரிந்த ஒருவர் வைத்தியரானார். மீட்புக் கூண்டின் அகலம் 54 சென்டிமீட்டர்தான். அதற்குள் நிற்கும்படி உடம்பை வைத்துக்கொள்ளவும், கூண்டுக்குள் மயங்காமல் இருக்கவும் வைத்தியர்கள் சொன்னபடி தேகப்பயிற்சி செய்தார்கள். ஒருவர் தினமும் சுரங்கப் பாதையில் மைல் கணக்கில் ஓடினார்.

அக்டோபர் 13ந் தேதி, 69வது நாள், ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். ஓடிப் பழகியவர் வந்தார். அறுபத்துமூன்று வயதானவர், சிறுவயது முதல் சுரங்கத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போனவர், அவரும் வந்தார். பத்தொன்பது வயதுப் பையனும் வந்தான். உர்சுவா கடைசியாக வந்தார். திடகாத்திரமானவன் மட்டும் பிழைப்பான் என்ற கணக்கின்படி பார்த்தால், பதினேழு நாள் பட்டினியில் பத்துப் பேராவது போயிருக்க வேண்டும். ஒருவர்கூடச் சாகவில்லை. பெட்டியில் இருந்ததைப் பலசாலிகள் பிடுங்கித் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

பின்னால் அவர்களுக்குள் சண்டை வரவில்லையா என்றால், வந்தது. வெளியுலகத் தொடர்பு வந்து, பத்திரிகைக்காரனும் டெலிவிஷன்காரனும் பணத்தோடு நின்றபோதுதான் மனஸ்தாபங்கள் வளர்ந்தன. பசி பிரிக்காதவர்களைப் பணம் பிரிக்கப் பார்த்தது. இருந்தும், தங்கள் கதையை விற்று வருவது எல்லாருக்கும் பொது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வெளியே வந்த பிறகு பலருக்குத் தூக்கம் வரவில்லை, இருட்டைக் கண்டால் பயம், நிரந்தர வேலை கிடைக்கவில்லை. கூண்டிலிருந்து வந்தபோது கட்டித் தழுவிய பெரிய மனிதர்கள் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது குறைவு. ஏணி வைக்காத முதலாளிகள் என்ன ஆனார்கள்? 2013ல் சர்க்கார் வழக்குரைஞர்கள் யார்மீதும் குற்றம் சாட்டாமல் விசாரணையை முடித்துவிட்டார்கள்.

நம் தேசத்திலும் இதைக் கண்டோம். 2023 நவம்பர் 12, தீபாவளியன்று விடியற்காலை, உத்தராகண்டில் சில்க்யாரா சாலைச் சுரங்கம் சரிந்து 41 தொழிலாளர்கள் அகப்பட்டார்கள். ஜார்க்கண்ட், பீகார், ஒரிசா, உத்தரப் பிரதேசம் என்று பிழைப்புத் தேடி வந்தவர்கள். உள்ளே நடக்க இடம் இருந்தது. நடந்தார்கள், யோகாசனம் செய்தார்கள், அனுபவஸ்தர்கள் இளைஞர்களைத் தேற்றினார்கள். பெரிய துளை யந்திரம் உடைந்து நின்ற பிறகு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கையால் குடைந்து அவர்களை 17வது நாள் வெளியே எடுத்தவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள். குனிந்து, தவழ்ந்து, ஆள் நுழையாத குழாயில் மண் வெட்டிப் பழகிய உடம்பு அது. அவர்களுக்கு மாலை போட்டார்கள். அவர்களில் ஒருவரின் வீட்டை 2024 பிப்ரவரியில், ஆக்கிரமிப்பு என்று சொல்லி, டெல்லியில் புல்டோசர் வைத்து இடித்தார்கள்.

மனத்திடம் என்றால் என்ன?

ஆபத்து வந்தால் ஜனங்கள் தலைதெறிக்க ஓடுவார்கள், ஒருவரையொருவர் மிதிப்பார்கள் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். நிஜத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஜான் லீச் என்ற ஆங்கிலேய மனோதத்துவ நிபுணர் இதை ஆராய்ந்திருக்கிறார். நான்கில் மூன்று பேர் வாக்கில் ஸ்தம்பித்துப்போய், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள் என்று அவர் சொல்கிறார். மூளைக்குப் புதிய முடிவு எடுக்க நேரம் வேண்டும். தீ அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. முன்பே பழகி வைத்த காரியம் இருந்தால், கால் தானாக நடக்கும். ஆகவே மனத்திடம் என்பது பிறவிக் குணம் மட்டும் அல்ல. பழக்கம். நடவு நடுகிற கை யோசித்தா நடுகிறது? அறுந்த நூலை முடிகிற விரல் யோசித்தா முடிகிறது? அது போலத்தான்.

இன்னொரு விதமான மனத்திடம் உண்டு. அது ஆபத்து வந்த பின் அல்ல, வருவதற்கு முன் வேண்டியது.

வங்கதேசத்தில் டாக்கா நகரத்துக்குப் பக்கத்தில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். மேல் மாடிகளில் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23ந் தேதி சுவர்களில் வெடிப்புக் கண்டது. கீழே இருந்த பாங்கி தன் சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கடைகளை மூடினார்கள். ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் இல்லை என்ற மிரட்டல். வாசலில் நின்று தயங்கினார்கள், பயந்தார்கள், போனார்கள். சற்று நேரத்தில் கட்டடம் விழுந்தது. 1,134 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், நல்ல வயது, உழைக்கிற உடம்பு. எட்டு மாடிக் கான்கிரீட்டுக்கு முன்னால் எந்தத் தேகப்பயிற்சி என்ன செய்யும்?

அந்த ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றில்கூடச் சங்கம் இல்லை. வெடிப்பைக் கண்ணால் பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில், "நாங்கள் நுழைய மாட்டோம்" என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு வாய் இல்லை. தனியாக ஒருத்தி சொன்னால் அவள் சம்பளம் போகும். ஆயிரம் பேர் சொன்னால் கதவு பூட்டப்படும், உயிர் மிஞ்சும். பாங்கிச் சிப்பந்திகள் நம் தொழிலாளிகளைவிடத் தைரியசாலிகள் என்பதால் தப்பவில்லை. அவர்களை வீட்டுக்குப் போ என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.

கடல் வந்த அன்று

இனி உடம்பைப் பற்றிப் பார்ப்போம். இதற்குச் சிலி வரை போக வேண்டியதில்லை. நம் கடற்கரையே சாட்சி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி நம் கரையில் எத்தனை குடும்பங்களை வாரிக்கொண்டு போனது என்று நாகை, கடலூர் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்ஸ்பாம் என்ற நிவாரண ஸ்தாபனம் 2005ல் ஒரு கணக்கை வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391. ஆண்கள் 146. பச்சையாங்குப்பம் கிராமத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

ஏன்? கடலுக்குப் போயிருந்த ஆண்கள் பிழைத்தார்கள். ஆழ்கடலில் அந்த அலை படகுக்கு அடியில் தெரியாமல் போய்விடும், கரையில்தான் எழுந்து நிற்கும். மீன் வரும் என்று கரையில் கூடையோடு காத்திருந்தவர்கள் பெண்கள். வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்கள் பெண்கள். அலை வந்தபோது ஒரு கையில் குழந்தை, மறுகையில் இன்னொரு குழந்தை, காலைச் சுற்றிக்கொள்ளும் புடவை. நீந்தத் தெரியாது. கடலிலிருந்து ஐம்பது கஜத்தில் பிறந்து, வளர்ந்து, வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்றவளுக்கு நீந்தத் தெரியாது! அண்ணன் தம்பிக்குத் தெரியும். அவர்கள் நாலு வயதில் அலையில் குதித்தபோது யாரும் தடுக்கவில்லை. இவள் குதித்தால் "பொட்டைப்பிள்ளைக்கு என்ன ஆட்டம்" என்று முதுகில் ஒன்று விழும். இலங்கைக் கரையிலும் இதே கதை. நீச்சலும் மரமேறுதலும் ஆண்பிள்ளைகள் விவகாரம்.

இந்தக் குற்றத்தில் முதலாளிமீது மட்டும் பழி போட்டு நாம் கை கழுவ முடியாது. செங்கொடி பிடிக்கிற வீட்டிலும் பெண்பிள்ளையைக் குளத்தில் இறங்கவிடுவதில்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நீச்சல் தெரிந்தவர் எல்லாம் பிழைத்தார் என்று நான் சொல்லவில்லை. கட்டைகளும் படகுகளும் வீட்டுச் சுவர்களும் சேர்ந்து வந்த நீரில் நல்ல நீச்சல்காரனும் அடிபட்டுச் செத்தான். ஓடி மேட்டில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். ஓட மூச்சு வேண்டும். மூச்சுக்கு ரத்தம் வேண்டும். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தச் சோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். கடைசியாகச் சாப்பிடுகிறவள், மிச்சத்தைச் சாப்பிடுகிறவள், இரண்டு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு இரைப்பவள், அலைக்கு முன்னால் எவ்வளவு தூரம் ஓடுவாள்? ரேஷன் அரிசியோடு பருப்பும் எண்ணெயும் ஒழுங்காக வேண்டும் என்று நாம் கேட்பது வயிற்றுக்காக மட்டும் அல்ல, ஓடுகிற காலுக்காகவும்தான்.

அதே தினத்தில் அதே சுனாமி, இந்தோனேசியாவில் சிமெலுவே என்ற தீவை நம்மைவிட மிக முன்னதாகத் தாக்கியது. பூகம்பம் பிறந்த இடத்துக்கு அது வெகு அருகில். அலை வரச் சில நிமிஷங்களே அவகாசம். அங்கே ஏறக்குறைய 78,000 ஜனங்கள். இறந்தவர்கள் ஏழு பேர். காரணம், 1907ல் அங்கே இப்படியொரு அலை வந்து ஏராளமானவர்களைக் கொன்றது. அதைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள். 'ஸ்மோங்' என்பது அந்த அலைக்கு அவர்கள் வைத்த பேர். பூமி பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். பூமி ஆடியது, ஒருவர் 'ஸ்மோங்' என்று கத்தினார், ஊரே மேட்டுக்கு ஓடியது. கிழவரும் ஓடினார், பிள்ளைத்தாய்ச்சியும் ஓடினாள். அங்கே ஸ்தம்பித்து நிற்பவர் இல்லை. என்ன செய்வது என்பது நூறு வருஷத்துக்கு முன்பே முடிவானது. நம் கரையில் கடல் உள்வாங்கியபோது ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். அவர்கள் முட்டாள்களா? இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வெயிலும் ஒரு பேரிடர்தான்

புயலும் சுனாமியும் எப்போதோ வருகிறவை. வயலில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் சித்திரையில் வருகிற ஆபத்து வெயில். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லது. ஆனால் வெயிலில் விழுந்தவனை, "பலவீனமான ஆள்" என்று சொல்லுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

இங்கே ஒரு விசித்திரம். வெயில் வேலையில் விழுகிறவர்களில் நல்ல வாலிபர்களும் உண்டு. தன் பலத்தை நம்பி, தாகத்தையும் தலைசுற்றலையும் சட்டை செய்யாமல் வேலை செய்கிறவன் அவன்தான். அதிலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசிய வேலையானால், நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, வெளிவேலையில் வெப்பத்தால் சாகிறவர்களில் பாதியோ அதற்கு மேலோ வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே சாகிறார்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கக் கற்றுக்கொள்கிறது, அதில் உப்புக் குறைகிறது, இருதயத் துடிப்பு நிதானப்படுகிறது. சில வாரங்கள் வேலைக்குப் போகாமல் இருந்தால் இந்தப் பழக்கம் போய்விடும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனை முதல் நாளே முழுப் பங்கு அறுக்கச் சொல்வது அவனைக் கொல்வதற்குச் சமானம்.

பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் உளறினால், நடை தள்ளாடினால், அவனை வரப்பில் உட்காரவைத்து விட்டுவிடக் கூடாது. நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நினைவு தப்பியவன் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்திலே நிற்கிறவனுக்கு இது தெரிந்திருந்தால் ஒரு உயிர் மிஞ்சும். விழுந்தவனுக்குத் தெரிந்து பிரயோஜனமில்லை; அவன்தான் உளறுகிறானே.

மில்லுக்குள்ளும் இதே நியாயம். களைத்த கண்ணுக்குப் புகை தெரியாது. களைத்த காதுக்கு மணி கேட்காது. 2023 ஏப்ரல் 21ந் தேதி பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்து நின்றன. மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். அன்று நாம் காப்பாற்றியது நாலு மணி நேரத் தூக்கம். தூங்கி எழுந்தவன்தான் தீயிலிருந்து ஓடுவான். உடற்பயிற்சியைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் அந்த மசோதாவைப் பற்றி ஒரு வரி எழுதியதாக நான் பார்க்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

கூலியும் ஓய்வும் பாதுகாப்பும் கேட்டுப் போராடுவது ஒரு பக்கம் நடக்கட்டும். அது முடிகிற வரை மற்றதை ஒத்திப்போட வேண்டாம். காசில்லாமல் ஆகிற காரியங்கள் பல இருக்கின்றன.

ஏரியோ குளமோ வாய்க்காலோ இல்லாத கிராமம் தஞ்சை, நாகைப் பக்கத்தில் இல்லை. விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து, தண்ணீர் உள்ள மாதங்களில், பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுக்கப் பெண்களே வேண்டும். நீந்தத் தெரிந்த ஒருத்தி ஒவ்வொரு ஊரிலும் எங்கேயாவது இருப்பாள், தேடுங்கள். முதலில் நமது கிளைச் செயலாளர்களின் பெண்களும் மருமகள்களும் இறங்கட்டும். பிறகு மற்றவர்கள் தாமாக வருவார்கள்.

வயலில் குழுவாக வேலைக்குப் போகிறவர்கள், புதிதாக வந்தவருக்கும் நோயிலிருந்து எழுந்தவருக்கும் முதல் வாரம் குறைந்த பங்கு என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொள்ளலாம். கூலியில் பிடிக்காமல்தான். இதற்கு யார் உத்தரவும் தேவையில்லை. சிலியில் அந்த 33 பேர் இரண்டு ஸ்பூன் மீனைப் பங்கிட்டது யார் உத்தரவால்?

மில் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புளோ ரூமில் பஞ்சு பற்றினால் எத்தனை வேகத்தில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். 1948ல் தொழிற்சாலைச் சட்டம் எழுதப்பட்டபோதே, ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் வெளியேறும் கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். ஷிப்டு முடிந்து போகும்போது, உங்கள் யந்திரத்திலிருந்து பின்பக்கக் கதவு வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். எத்தனை அடி என்று எண்ணுங்கள். நடுவே பேல்கள் அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு அணைந்தால் எந்தக் கையால் சுவரைத் தடவிக்கொண்டு போவது என்று பாருங்கள். புதிதாக வந்த வடநாட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனுக்கு நம் பாஷை தெரியாது, கதவு தெரிந்தால் போதும்.

கதவு பூட்டியிருந்தால், ராத்திரி ஷிப்டில் அதன் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று விசாரியுங்கள். மேஸ்திரியிடம் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். கிடைத்த பதிலை நமது பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் பேரைப் போடாமல் வெளியிடுவோம்.